வாட்ச்மேன் பார்த்த பிரசவம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சாமானாக இருந்தாலும், பெட்டிமேல் எழுதியிருப்பதைப் படித்ததும் அதைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். (வீட்டு மிக்சியை நான்தான் ரிப்பேர் பார்த்தேன். அந்த மிக்சி இப்போது இல்லை.) இந்த வியாதி முற்றிப்போய்த்தான் எங்கள் மாட்டுக் கொட்டகையில் நாலு கேமரா மாட்டினேன்.

நானும் என் மனைவி பேச்சியும் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். பேச்சி கன்றிலிருந்து வளர்த்த செவலைப் பசு அப்போது நிறைசினை. தலை ஈற்று வேறு. கன்று சிக்கி மாட்டையே பறிகொடுத்த வீடு எங்கள் தெருவிலேயே இருந்ததால் அவளுக்குப் பயம்.

"ஒரு வாரம் லீவு போட்டுட்டு மாட்டுகூட இருக்கேங்க" என்றாள்.

"சீசன் நேரத்துல லீவா? கேமரா மாட்டிருவோம். மாடு பெருமூச்சு விட்டாக்கூட என் போன்ல மணியடிக்கும். பைக்கை எடுத்தா பத்து நிமிசம்!"

அவள் நம்பிவிட்டாள். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலையில் இறங்கினேன். ஒயர் இல்லாத கேமரா என்று பெட்டியில் போட்டிருந்தது. திறந்தால் கேமராவுக்கு ஒன்று வீதம் நாலு ஒயர். (கரண்டு வேண்டுமாம்.) ஒன்றை மாட்டின் முகத்துக்கு நேராகவும், ஒன்றைப் பின்பக்கத்துக்கும், ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்கும் வைத்தேன். நாலாவது மிஞ்சிப்போனதால் ஆடுகளுக்கு வைத்தேன். கிடா ஒரே முட்டில் அதைத் திருப்பிவிட, அது அன்றிலிருந்து கூரையை மட்டும் காட்டியது. மாடு வாலை ஆட்டினால் மணி, கோழி குறுக்கே போனால் மணி. தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் வரிசையில் நின்றேன். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சாயங்காலம்தான் வாங்க வேண்டும். ஒன்பது வருடமாக அப்படித்தான் கொடுக்கிறேன். அன்றும் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது: இனி மணியடித்தால் அது வாட்ச்மேன் மேசையில்தான் அடிக்கும்.

பேச்சி பெண்கள் வரிசையில் ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். நான் ஆபீசில் சொல்லித் தனியாக ஏதோ ஏற்பாடு செய்திருப்பேன் என்று அவள் நினைப்பு. ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மானப் பிரச்சினை, சொல்லவில்லை. போனைத் திறக்கும் விதத்தை வாட்ச்மேன் சுடலை அண்ணனுக்குக் காட்டிக்கொடுத்தேன்.

"அண்ணே, இதுல மாடு தெரியும். கன்னு போடுற மாதிரி இருந்தா எனக்கு ஆள் விடுங்க."

"போன்ல மாடா!" என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

நாள் முழுக்க ஆள் வரவில்லை. அப்பாடா என்று பெட்டி அடுக்கினேன்.

சாயங்காலம் கேட்டில் நல்ல கூட்டம். சுடலை அண்ணன் என்னைத் தாண்டி நேராகப் பேச்சியிடம் போனார்.

"தாயி, கெடேரிக் கன்னு! நெத்தியில வெள்ளை. தாயும் புள்ளையும் சொகம்!"

பதினொரு மணிவாக்கில் மாடு படுத்துவிட்டதாம். இவர் பதறிப்போய்த் திரையில் எதையோ அமுக்க, இவர் பேசுவது கேமரா வழியாகக் கொட்டகையில் கேட்க ஆரம்பித்திருக்கிறது. "பயப்படாத ஆத்தா, நல்லா முக்கு" என்று தைரியம் சொல்லியிருக்கிறார். பூட்டிய வீட்டுப் பக்கம் ஆம்பளைக் குரல் கேட்டதும் பக்கத்து வீட்டு ராமுத்தாய் மதினி, திருடன் என்று கம்போடு வந்துவிட்டார்.

"திருடனைப் பெறகு தேடுங்க, மொதல்ல கன்னுக் காலைப் பிடிங்கன்னேன்" என்றார் சுடலை அண்ணன். "அந்தம்மா கம்பைப் போட்டுட்டுப் பக்குவமா இழுத்துட்டாக."

"எனக்கு ஏண்ணே ஆள் விடல?"

"நீங்க வந்து என்ன செய்யப் போறீக தம்பி?"

கேட்டில் நின்ற கூட்டமே சிரித்தது. பேச்சி சிரிக்கவில்லை.

"அப்ப போனை இங்கன குடுத்துட்டுத்தான் உள்ள வந்தீகளா?"

"ஆமா."

"யாரும் வராம செவலைக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

நான் போய் பைக்கை எடுத்தேன். வீடு வந்ததும் அவள் நேராகக் கொட்டகைக்குப் போய்க் கன்றைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் சீம்பால் அவித்தாள். முதல் கிண்ணம் ராமுத்தாய் மதினிக்கு. ஒரு தூக்குவாளி நிறைய சுடலை அண்ணனுக்கு. நான் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மிச்சமிருந்த கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொட்டகையில் முதல் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள்.

"போனை எடுத்துப் பாருங்க. தெளிவாத் தெரியுதா?" என்று சத்தம் கொடுத்தாள்.

"தெரியுது."

"ஒங்களுக்கு அம்புட்டுதான்" என்று கேமராவைப் பார்த்தபடியே முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

அந்தக் கெடேரியே இப்போது சினையாகிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் எந்தப் பலகாரம் செய்தாலும், முதலில் என் போனுக்குப் படமாக வரும். சுடலை அண்ணன் மட்டும் நேரில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.