மாப்பிள்ளை பார்க்க வந்தவருக்குப் பாகற்காய்

உலகில் எப்பொருளைப் பற்றியும் அரைமணி நேரம் உரையாற்ற வல்லவன் என்று என்னைப் பற்றி எனக்கு நெடுங்காலமாக ஓர் எண்ணம் இருந்தது. பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, மீதியை வாசகசாலைகளிலும் பழைய செய்தித்தாள்களிலும் தேடிக்கொண்டவர்களுக்கு இந்த நோய் எளிதில் தொற்றும். எனக்குத் தொற்றியதை, துபாயின் கராமாப் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றில், ஒரு சட்டி பாகற்காய்ப் புளிக்குழம்பு குணமாக்கியது. (முற்றும் குணமாகவில்லை. ஆகியிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.)

அந்த அறையில் நாங்கள் ஆறு பேர். ஆளுக்கொரு நாள் சமையல் முறை; மிச்சமான ஒரு நாள் ஓட்டல். ஞாயிறு என் முறை. வயதில் மூத்தவன் என்பதாலும், கிடங்கு ஒன்றில் பொருள்காப்பாளன் என்பதாலும், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பதாலும் என் சொல்லுக்கு அங்கே எதிர்ச்சொல் கிடையாது.

அக்காலத்தில் நான் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அடிமைப்பட்டிருந்தேன். தாமிரபரணிக் கரையில் ஒரு பெரிய குடும்பம். அக்குடும்பத்தில் யாருக்கும் யாரையும் பிடிக்காது. ஆனால் அனைவரும் சேர்ந்தே உண்பார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இலை போட்டுப் பரிமாறும் காட்சி வரும். என் ஊர் மன்னார்குடிப் பக்கம். மதுரைக்குத் தெற்கே நான் ஓர் அடியும் வைத்ததில்லை. எனினும் தொடரை நாள் தவறாமல் பார்த்ததால், வைத்ததாகவே கருதிக்கொண்டேன்.

ஒரு சிறு குறை இருந்தது. இரவுக் காவல் பணி பார்க்கும் பாலு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் கீழே இருந்த கட்டிலில் பகல் முழுதும் உறங்குவான். தொடர் வரும் மாலை ஆறரை மணிக்கு அவன் உறக்கம் உச்சத்தில் இருக்கும். ஆகவே சத்தத்தை முற்றிலும் அடக்கிவிட்டே பார்க்க வேண்டும். பிறர் இதைக் குறை என்பர். ஒலியை நீக்கினால்தான் கலையின் உட்பொருள் விளங்கும் என்று நான் அறையில் சொல்லி வந்தேன்.

இவ்வாறு திரையில் கண்ட உணவுகளை ஞாயிறுதோறும் சமைக்கலானேன். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒரு வாரம். கூட்டாஞ்சோறு ஒரு வாரம். புளிமிளகாய் என்று நான் ஊகித்த ஏதோ ஒன்று மற்றொரு வாரம். நிறத்தைப் பார்த்துப் பெயரை ஊகிப்பேன். பெயரைக் கொண்டு செய்முறையை ஊகிப்பேன். நண்பர்கள் உண்டார்கள். பசித்தவர்கள் உண்பதைப் பாராட்டு என்று கொள்வது என் வழக்கம்.

இந்த வேளையில்தான் எங்கள் அறை முருகேசனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். குணத்தில் குறை சொல்ல முடியாதவன். ஆயினும் பல சம்பந்தங்கள் வெளிநாட்டு மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்தால் தட்டிப்போய், வயது முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. இம்முறை பெண் அம்பாசமுத்திரம். பள்ளி ஆசிரியை. பெண்ணுக்கும் புகைப்படம் பிடித்துவிட்டது. அவளுடைய தாய்மாமன் சுடலைமுத்து பேருந்தில் சில மணி நேரத் தொலைவிலுள்ள ருவைஸில் எண்ணெய் ஆலையில் ஃபோர்மேன். மாப்பிள்ளையை அறையில் வந்து பார்த்து அவர் சரி என்றால் சரி, இல்லையென்றால் இல்லை. வருகிற ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு. என் முறை. தெற்கத்தி விருந்தாளி. விதியே என் கையில் கரண்டியைக் கொடுத்ததாக உணர்ந்தேன்.

அந்த வாரம் தொடரிலும் ஒரு பெருவிருந்து வந்தது. ஆண்கள் வரிசையாக அமர்ந்து உண்டார்கள். மூலையில் ஒரு பெரியவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். (முன்னோரை வணங்கியே நற்காரியம் தொடங்கும் பண்பாடு என்று குறித்துக்கொண்டேன்.) மொட்டையடித்த ஓர் இளைஞனை நடுவில் உட்கார வைத்து, தாய்மாமன் போன்ற ஒருவர் அவன் தலையில் புதுத்துண்டால் பாகை கட்டினார். (மொட்டை, திருச்செந்தூர் வேண்டுதல்; பாகை, மாப்பிள்ளைக்குரிய மரியாதை.) பெண்கள் அழுதார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நம் தொடர்களில் கல்யாணத்திலும் அழுவார்கள், சண்டையிலும் அழுவார்கள், காபி ஆறிப்போனாலும் அழுவார்கள். ஒலியின்றிப் பார்ப்பவனுக்கு அழுகை ஒரு தகவலே அன்று.

இலையில் பரிமாறப்பட்டவற்றைக் கூர்ந்து நோக்கினேன். பாகற்காய், அகத்திக்கீரை, வாழைக்காய், எள்ளுருண்டை. ஐயத்துக்கு இடமில்லை.

கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரைக் காதர் பாய், அகத்திக்கீரை என்றதும் ஏறிட்டுப் பார்த்தார். வியாபாரி என்பதால் வாய் திறக்கவில்லை. கேட்டவன் பாலு ஒருவனே. விழித்தெழுந்து வந்தவன் அடுக்களை வாசலில் நின்று பாகற்காயையே பார்த்தான்.

"அண்ணே, நல்ல காரியத்துக்கு யாராச்சும் பாவக்கா வைப்பாங்களா?"

"அது உன் ஊர் வழக்கம் பாலு. தெற்கத்திக்காரர்கள் வாழ்க்கையின் கசப்பையும் முதலிலேயே இலையில் வைத்துவிடுவார்கள். அதில் ஒரு தத்துவம் இருக்கிறது."

"தத்துவமா," என்றான் பாலு. "நான் போய்ப் படுக்குறேன்."

முருகேசன் கலக்கத்தில் இருந்தான். வேலையிடத்துத் தலைக்கவசத்துக்குள் வியர்த்துக் கொட்டுகிறது என்று, விருந்தாளி வரும் செய்தி தெரியும் முன்பே தலையை ஒட்ட மழித்திருந்தான். அவனைத் தேற்றினேன். தொடரிலும் மாப்பிள்ளைக்கு மொட்டைதான் என்றேன். பாகை கட்டுவதற்காகப் புதுத்துண்டு ஒன்றும் வாங்கி, மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்தேன். மரியாதை கிடைக்கும் என்றால் எதற்கும் தலை கொடுக்கும் நிலையில் அவன் இருந்தான்.

சுடலைமுத்து அண்ணாச்சி வந்தார். பெரிய மீசை, பேருந்துப் பயணத்தின் களைப்பு, கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். சிரித்த முகத்தோடு நுழைந்தவர் முருகேசனின் தலையைப் பார்த்ததும் சிரிப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டார். இலையில் அமர்ந்தார். அகத்திக்கீரை வைத்தேன். பாகற்காய் வைத்தேன். எள்ளுருண்டை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் ஒரு படி இறங்கியது. இறுதியில் தாம்பாளத்தை நீட்டி, "தாய்மாமன் முறையில் உள்ளவர் தாங்களே, தங்கள் கையால் இவன் தலையில் கட்டிவிட வேண்டும்," என்றேன்.

அவர் கண்கள் கலங்கின. எழுந்தார். துண்டை உதறி, முருகேசன் தலையில் மெல்லக் கட்டினார். அவன் தோளை ஒருமுறை அழுத்தினார். அவர் அழுவதைக் கண்டு நானும் அழுதேன். மண்ணின் பாசம் என்று எண்ணினேன். மீண்டும் உட்கார்ந்து, குனிந்த தலையோடு இரண்டு கவளம் உண்டு, கை கழுவி, யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

"பிடிச்சுதா பிடிக்கலையாண்ணே?" என்றான் முருகேசன், தலையில் பாகையோடு.

"உணர்ச்சிப் பெருக்கு," என்றேன்.

துக்க வீட்டிலிருந்து புறப்படுபவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள் என்பது தமிழர் அனைவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது ஏன் என் நினைவுக்கு வரவில்லை என்பதை இன்றுவரை என்னால் விளக்க இயலவில்லை. விளக்க இயலாத பொருள் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஊரிலிருந்து தொலைபேசி. எடுத்தவன் நான். மறுமுனையில் முருகேசனின் தந்தை.

"தம்பி, நான் முருகேசு அப்பன் பேசுறேன். நான் செத்துட்டேனாமே?"

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"வாசல்ல வேன் நிக்குது. அம்பாசமுத்திரத்துலேருந்து பொண்ணு வீட்டுக்காரங்க மாலையோட வந்திருக்காங்க. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன். யாரப் பாக்க வந்தீங்கன்னு கேட்டா, என்னயத்தான்ங்கிறாங்க. மாலைய எங்க வைக்கிறதுன்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

நடந்தது இதுதான். நான் சமைத்தது பதினாறாம் நாள் காரியச் சாப்பாடு. மொட்டையடித்த மகனுக்குத் தாய்மாமன் முறையினர் பாகை கட்டுவது தகப்பன் இறந்தால். மாப்பிள்ளை வீட்டில் துக்கம் நடந்ததையும், அதைச் சொல்லக்கூட நாவெழாமல் ஓர் அறைக்குள் பையன் தனியே காரியம் செய்வதையும் கண்டு மனமுடைந்த சுடலைமுத்து, மெட்ரோவில் ஏறுமுன்னே ஊருக்குச் சொல்லிவிட்டார்.

என் தந்தை காலமானபோது எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. எல்லாம் என் தம்பி செய்தான். அந்தப் பதினாறாம் நாள் நான் கிடங்கில் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தேன். மகன் தலையில் துண்டு எப்போது கட்டப்படும் என்பதை நான் என் கண்ணால் கண்டதில்லை. இதை முருகேசனிடம் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் கோபப்பட்டிருக்க மாட்டான்; ஆனால் கோபப்பட அவனுக்கு உரிமை இருந்தது.

மதியம் சுடலைமுத்து அழைத்தார். குரலில் நேற்றைய ஈரம் இல்லை.

"அண்ணாச்சி, இந்தச் சமையல ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

உண்மையைச் சொன்னேன். தொடரின் பெயரையும் சொன்னேன். அவர் வீட்டிலும் அதைத்தான் பார்க்கிறார்களாம். "சத்தத்தக் கூட்டி வச்சுப் பாத்திருக்கலாம்லா," என்றார். பிறகு, பேச்சுத் தொடங்கும்போதே இப்படியோர் அபசகுனம் நேர்ந்தால் பெண்ணைக் கொடுக்க மனம் ஒப்பாது என்று சொல்லி வைத்துவிட்டார்.

முருகேசன் பாகைத் துண்டை மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் பிற்பகல் வேலைக்குப் போனான். எதைப் பற்றியும் உரையாற்ற வல்ல நான் அன்று முழுதும் வாய் திறக்கவில்லை. பாலுவே பயந்துபோய் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான்.

சம்பந்தத்தைக் காப்பாற்றியவர் இறந்தவர்தான். அவ்வளவு தொலைவு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்ப முடியாது என்று முருகேசனின் தந்தை பந்திபோட்டு உட்கார வைத்திருக்கிறார். செத்ததாகச் செய்தி பரவினால் ஆயுள் கூடும் என்றும், தம் ஆயுளைக் கூட்டிக் கொடுத்த வீட்டுப் பெண்ணை விட மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். கொண்டுவந்த மாலையைத் தாமே எடுத்து மாட்டின் கழுத்தில் போட்டுவிட்டாராம். பெண்ணின் தந்தை சிரித்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் நிச்சயத் தேதி பேசி முடித்து, சுடலைமுத்துவுக்குத் தகவல் மட்டும் போயிற்று.

திருமணத்துக்கு எனக்கு விடுப்புக் கிடைத்தது. மதுரைக்குத் தெற்கே முதன்முறையாகச் சென்றேன். பந்தியில் சுடலைமுத்து அண்ணாச்சி என் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு பதார்த்தமும் இலையில் விழும்போது அதன் பெயரை உரக்கச் சொன்னார். சத்தம் போதுமா என்றும் கேட்டுக்கொண்டார்.

இன்று முருகேசனின் மகள் ஷார்ஜாவில் பள்ளிக்குப் போகிறாள். அவளுக்கு நான் பாவக்காத் தாத்தா. அவள் அப்பாவின் அப்பா எண்பதைக் கடந்துவிட்டார். பொங்கலன்று காலை தவறாமல் ஊரிலிருந்து அவர் அழைப்பு வரும். நலம் விசாரிப்பதில்லை, வாழ்த்துச் சொல்வதும் இல்லை.

"தம்பி, இருக்கேன். அவசரப்பட்டு அடுப்பப் பத்த வச்சிராதீங்க," என்பார், வைத்துவிடுவார்.