ஹீட்டர் அண்ணாச்சியின் கொடைக்கானல்

விருதுநகர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஹீட்டர் வேலை செய்யவில்லையே என்று கண்கலங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் தெரு ஹீட்டர் அண்ணாச்சி.

அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். அவருக்கு லேபிள் அடித்துக் கொடுப்பவன் நான். மலைத்தோட்டம் ஒன்றில் ஏலம் விட்ட பழைய ஜீப்பை ஆசையாக வாங்கி வந்தார். ஹாரன் முதல் வைப்பர் வரை எல்லாம் ஓடியது. ஹீட்டர் காற்றாடி மட்டும் ஓடவில்லை.

“விட்டுத்தள்ளுங்க அண்ணாச்சி. நம்ம ஊர்ல பானட்டு மேல தோசை ஊத்தலாம், ஹீட்டர் எதுக்கு?” என்றார் மெக்கானிக்.

எதற்கு என்றால், மதினிக்கு. கொடைக்கானலைப் பார்க்க வேண்டும் என்பது அண்ணாச்சி வீட்டம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஆசை. ஆனால் குளிர்காற்று பட்டால் மூச்சிழுப்பு வந்துவிடும். “ஹீட்டர் ஓடட்டும், தீவாளி சீசன் முடிஞ்சதும் ஒன்ன ஜம்முனு கூட்டிட்டுப் போறேன்” என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார். மதினியும் மதுரைக்குப் போய் ஊதா நிறத்தில் ஒரு சுவெட்டர் வாங்கி, கிளம்புகிற அன்று மறந்துவிடக் கூடாதென்று ஜீப் சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிட்டார்.

தீபாவளி முடிந்ததும் அண்ணாச்சி ஃபியூஸை மாற்றினார். ஓடவில்லை. அதற்குள் அடுத்த சீசன் ஆர்டர் வந்துவிட்டது. மறுவருஷம் சுவிட்ச். அப்புறம் வயரிங். வாடகைக் காரிலும் ஹீட்டர் இருக்குமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“எவனோ ஒருத்தன் ஹீட்டர நம்பி என் பொண்டாட்டிய ஏத்தச் சொல்லுதியாலே?”

போன கார்த்திகையில் மறுபடி ஆரம்பித்தார். டாஷ்போர்டுக்குக் கீழே அவர் தலைகீழாகக் கிடந்தார். சுவிட்ச் போடும் உத்தியோகம் எனக்கு. வாசலில் மதினி. மோட்டார் வயரில் டெஸ்ட் பல்பை வைத்தார், எரிந்தது.

“கரண்டு வருதுலே! காத்தாடிதான் சுத்த மாட்டேங்கு. உள்ள என்னமோ அடைச்சிருக்கு.”

சுவிட்சை அணைக்கச் சொல்லி, ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினார். ஏதோ நெகிழ்ந்தது. “இப்பப் போடு!”

போட்டேன். படபடபடவென்று சரவெடிச் சத்தம்! முகமெல்லாம் கலர் கலராகக் காகிதம்!

எங்கள் பக்கத்து ஆட்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டால் பார்த்துவிட்டு ஓட மாட்டார்கள், ஓடிவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஒற்றைச் செருப்போடு, “வெடிச்சிருச்சு!” என்று கத்திக்கொண்டு பறந்தேன். என்னைப் பார்த்து டீக்கடையே எழுந்து ஓடியது. டீ மாஸ்டர் கையில் கிளாஸோடு கூடவே ஓடிவந்து, “எந்தக் கம்பெனிண்ணே?” என்றார். இங்கே முதல் கேள்வி எப்போதும் அதுதான்.

“ஹீட்டர்!”

“ஐயோ... அங்கன நம்மாளுக யாரு வேலை பாக்காக?”

திரும்பி வந்து பார்த்தால் ஜீப் முழுசாக நின்றது. காற்றாடி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே எலி கட்டியிருந்த கூட்டைத்தான் அது கிழித்துத் துப்பியிருந்தது. அவ்வளவும் என் அச்சகத்து லேபிள் துண்டுகள்; நடுநடுவே ஊதாக் கம்பளி நூல்.

அண்ணாச்சி சீட்டுக்கடியில் கையை விட்டார். சுவெட்டரின் ஒரு கை மட்டும் வந்தது.

மதினி வாங்கிப் பார்த்தார். “எலிக்காவது குளிருக்கு ஒதவுச்சே.”

தெரு சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. “வேற வாங்கிருவோம். வர்ற வாரமே கெளம்புறோம்.”

“மலை ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. நெஞ்சு தாங்காதாம்.”

“எப்பச் சொன்னாக?”

“போன சீசன்ல. நீங்க ஆர்டர் மும்முரத்துல இருந்தீக. அதான் சொல்லல.”

காற்றாடியை நிறுத்தக்கூடத் தோன்றாமல், அந்த ஒற்றைக் கையை மடிப்பதும் பிரிப்பதுமாக அண்ணாச்சி நின்றார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதினியை முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரையும் போட்டுக்கொண்டு, சூலக்கரையிலிருந்து சாத்தூர் வரை மெதுவாக ஓட்டுகிறார். பின்சீட்டில் நான். சுவிட்ச் போட்டவன் என்ற முறையில் கட்டாய அழைப்பு. பாதி வழியிலேயே சட்டை முதுகோடு ஒட்டிவிடும்.

போன வாரம் மதினி, வெளியே கொளுத்துகிற வெயிலைப் பார்த்தபடி கேட்டார்.

“தம்பி, கொடைக்கானல்ல வெளிய குளிரு எம்புட்டு இருக்கும்?”

அண்ணாச்சி ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

நான் வேர்வையைத் துடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டேன். பல் கிட்டிக்க நடுங்கினேன்.

“கண்ணாடிய மட்டும் எறக்கிறாதீக, மதினி.”