நதிக்கு அடியில் ஒரு மணி நேரம்

பயணிகளின் மன அமைதியைக் கருத்தில் கொண்டு சுரங்க ரயில் கட்டணம் உயர்த்தப்படுகிறது என்று நிர்வாகம் அறிவித்தபோது, எங்கள் தலைநகரில் யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டால் மன அமைதி கெட்டுவிடும் அல்லவா? புதிதாக வசூலான பணத்தில் மின்படிகளைப் பழுது பார்ப்பார்கள் என்று சிலர் நம்பினார்கள். நிர்வாகம் அவ்வளவு கீழே இறங்கவில்லை. ஒரு நாடக நடிகையை அழைத்துவந்து, தேன் போன்ற குரலில் நல்ல வார்த்தைகள் பேசவைத்து, எல்லாப் பெட்டிகளிலும் ஒலிக்கவிட்டது.

அந்தக் குரலை முழுதாக அனுபவிக்கும் பாக்கியம் ஒரு சனிக்கிழமை காலை எங்களுக்குக் கிடைத்தது. டான்யூப் நதிக்கு நேர் அடியில் ரயில் நின்றுவிட்டது.

"உங்களுக்குத் தாமதமாகவில்லை," என்றது குரல். "நேரம்தான் அவசரப்படுகிறது. மூச்சை உள்ளே இழுங்கள்."

இழுக்கும் அளவுக்கு உள்ளே காற்று இல்லை. என் பக்கத்தில் எதெல்கா என்ற தையல்காரி, கம்பியில் ஒரு கல்யாண உடுப்பை மாட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நிலையத்துக்கு மேலேதான் திருமணப் பதிவு அலுவலகம். அங்கே மணப்பெண் பிரோஷ்கா, தலையில் பூவும் உடம்பில் மழைக்கோட்டுமாகக் காத்திருந்தாள்.

கதவோரம் டிக்கெட் பரிசோதகர் வாதாஷ் போல்டிஷார் நின்றிருந்தார். நேர்மையான மனிதர். சொந்த மாமியாருக்கே அபராதம் போட்டவர் என்று பெயர். வண்டி நின்றதிலிருந்து அவர் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள் எதெல்கா.

"உங்க டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கும்மா. அது போறதுக்குக் காத்திருக்கேன்."

எங்கள் டிக்கெட் முத்திரை குத்தியதிலிருந்து ஒரு மணி நேரம்தான் செல்லும். ஒவ்வொன்றாக அவை உயிர்விட்டன. போல்டிஷார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அபராதம் எழுதத் தொடங்கினார்.

"ரயில் நின்னா நான் என்னங்க பண்ணுவேன்?" எதெல்கா கத்தினாள்.

"ரயில் நின்னது நிர்வாகத்தோட விஷயம். டிக்கெட் முடிஞ்சது உங்க விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"அப்ப எறங்கி நடந்து போயிருக்கணுமா?"

"சுரங்கத்துல எறங்கினா அதுக்குத் தனி அபராதம்."

"நல்லா இருக்குய்யா நியாயம்! உள்ள இருந்தாலும் குத்தம், வெளிய போனாலும் குத்தம்."

"ஆமாம்மா. அதனாலதான் யாருக்கும் பாரபட்சம் இல்ல."

அப்போது மூலையில் பாலாடைக்கட்டி பன் தின்றுகொண்டிருந்த யெனோ என்ற பருமனான மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் சார், உங்க டூட்டி எப்ப முடியும்?"

"ஒம்பதுக்கு," என்றார் போல்டிஷார்.

"இப்ப ஒம்பதே காலாச்சே. டூட்டி நேரத்துல மட்டுந்தானே உங்களுக்கு இலவசப் பயணம்?"

போல்டிஷார் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பெட்டி முழுவதும் ஒரு பேரானந்தம் பரவியது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யெனோ மிச்சமிருந்த பன்களை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தார்.

"எழுதுங்க சார், உங்க பேரையும் எழுதுங்க!" என்று எதெல்கா குதித்தாள்.

அவர் எழுதினார். சொன்னேனே, நேர்மையான மனிதர். எழுதும்போது கண் கலங்கியது.

ஒருவழியாக ரயில் நகர்ந்து நிலையத்தைச் சேர்ந்தது. நடைமேடையில் மேற்பார்வையாளர் ஷோம்லாய் அம்மாள் நின்றிருந்தார். போல்டிஷார் அவர் முன்னால் போய்த் தலைகுனிந்தார்.

"அம்மா, நான் டிக்கெட் இல்லாம பயணம் பண்ணிட்டேன். ஒம்பதுக்கு மேல உள்ள இருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"நாங்க பாத்தோம்!" என்று பெட்டியே கத்தியது. எதெல்கா எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னாள். அபராதம் எழுதப்படாமல் தப்பித்திருந்த பின்வரிசைக்காரர்களும் தூக்கினார்கள். என் இரண்டு கைகளும் மேலே இருந்தன.

"எல்லாருமே ஒம்பதுக்கு மேல வண்டியில இருந்து, நல்லாப் பாத்தீங்க?"

"சத்தியமா!"

"ரொம்ப நன்றி," என்றார் ஷோம்லாய் அம்மாள். "வண்டி ஒரு மணி நேரம் நின்னதுல உங்க டிக்கெட் எல்லாம் அப்பவே முடிஞ்சிருக்கும். இந்தப் பக்கம் வரிசையா நில்லுங்க."

முனகிக்கொண்டே வரிசை கட்டினோம். பிறகு எல்லோரும் எதெல்காவின் பக்கம் திரும்பினார்கள்.

"கையைத் தூக்கச் சொன்னது நீதானே? சும்மா இருந்தா என்ன கொறஞ்சிருக்கும் ஒனக்கு?" என்றார் யெனோ. அவள் தந்த பதில் அச்சில் ஏறாது. உடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளும் வரிசையில் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மணப்பெண் பிரோஷ்கா மாப்பிள்ளையோடு மின்படியில் இறங்கி ஓடி வந்தாள். மின்படி ஓடவில்லை, அவர்கள்தான் ஓடினார்கள்.

"எதெல்கா அக்கா! குடுங்க அந்த டிரஸ்ஸை! இன்னும் பத்து நிமிஷத்துல எங்க பேரைக் கூப்பிட்டுருவாங்க!"

அவள் கை நீட்டினாள். எதெல்கா உடுப்பை எங்கள் தலைக்கு மேலே தூக்கிக் கொடுக்கப் போனாள். அவ்வளவுதான் நடக்க வேண்டியது. நடந்திருந்தால் கல்யாணமும் நேரத்துக்கு நடந்திருக்கும்.

ஆனால் வரிசையில் யாரோ கேட்டார்கள்: "இவங்க ரெண்டு பேரும் நடைமேடைக்கு வந்திருக்காங்களே, டிக்கெட் எடுத்தாங்களா?"

"அதானே!" என்றோம் நாங்கள் அத்தனை பேரும், ஒரே குரலில்.

ஷோம்லாய் அம்மாள் மணமக்களை இரக்கத்தோடு பார்த்தார்.

"கல்யாணம் முடிச்சுட்டு வந்திருந்தீங்கன்னா அபராதத்துல குடும்பச் சலுகை உண்டு. இப்போதைக்கு ஆளுக்கு ஒண்ணுதான். கடைசியில போய் நில்லுங்க."

"முந்தக் கூடாது," என்று முன்னாலிருந்து ஒருவர் எச்சரித்தார். "நாங்க அப்ப இருந்தே நிக்கிறோம்."