எங்கள் கூடத்துக் கல்லூரி

கும்மிடிப்பூண்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி பூவராகவனுக்கு, அக்கா குணசுந்தரி எழுதுவது. நானும் உன் மகள் பூமிகாவும் சௌக்கியம். பொன்னேரியில் நீயும் கல்பனாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பூமிகா இனியும் என் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிப்பதா, சென்னையில் விடுதியில் தங்கி நேரில் படிப்பதா, நீயே முடிவு சொல் அக்கா என்று கேட்டிருந்தாய். ஆன்லைன்தான். கட்டணம் பாதி, விடுதிச் செலவு இல்லை. அவர்கள் கட்டடத்துக்கு நாம் ஏன் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்? என் கூடத்தில் மின்விசிறி நன்றாகவே சுற்றுகிறது. ஒழுக்கத்துக்கும் குறைவில்லை. கான்வென்டில் நாங்கள் செய்தது போல, ஆசிரியர் திரையில் வந்ததும் அவளை எழுந்து நிற்க வைக்கிறேன். "நிக்கறேன் அத்தை, ஆனா அவருக்கு என் துப்பட்டா மட்டும்தான் தெரியுது" என்கிறாள். தெரியட்டும், இஸ்திரி போட்ட துப்பட்டாதானே.

மத்தியானம் பொருளாதார வகுப்பு. வெளியே தொழிற்பேட்டை லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, உள்ளே அந்த மனிதர் டிமாண்ட், சப்ளை என்று தாலாட்டுவது போலப் பேசுகிறார், நான் அவளுக்குப் பின்னால் நாற்காலியில். அவள் ஏதோ அழுத்தினால் திரையில் நம் சுவர் மறைந்து அந்தக் கல்லூரியின் வேப்பமரம் வந்துவிடுகிறது; நேற்று பார்த்தால் என் உடம்பெல்லாம் மரத்துக்குள்ள போயிடுச்சு, கண்ணாடியும் கொண்டையும் மட்டும் கிளை நடுவுல மிதக்குது. அசையாம உக்காந்திருந்தேன், காத்து வர்ற மாதிரியே இருந்துச்சு, அப்படியே கண் அசந்துட்டேன். "பூமிகா, உன் மரத்துல யாரும்மா ஆடறது?"ன்னு அவர் கேக்கறார். மரியாதையா எழுந்து நின்னேன், முழுசா மறைஞ்சுட்டேன். அங்கே வகுப்பில எல்லாரும் சிரிச்சாங்க. பூமிகாவும் சிரிச்சா, மைக் அணைச்சிருந்ததால யாருக்கும் கேக்கலை.

"ஏண்டி, தினம் இந்த மரம்தானா?"ன்னு அப்புறம் கேட்டேன்.

"அது கீழதான் அத்தை எல்லாரும் நாஷ்டா துண்றாங்களாம். நான் பாத்ததே இல்ல."

இருந்தாலும் கணக்கு கணக்குதான். என் முடிவில் மாற்றமில்லை.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். கல்பனாவைச் செருப்பில்லாமல் வயலுக்குப் போக வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
குணசுந்தரி

பி.கு.: விடுதிக்கும் சேர்த்து இன்று காலை பணம் கட்டிவிட்டேன். அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். பொன்னேரியில் நீயும் ஏறிக்கொள், டிரங்குப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். திரும்பும்போது உன் ஊரில் இறங்கிவிடாதே. கும்மிடிப்பூண்டி வரைக்கும் வந்துவிட்டுப் போ.