விளக்கு பார்த்த கணக்கு

ஞாயிறு காலை, திருவொற்றியூர்க் கல்யாண மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. கல்யாணம் அல்ல, கணக்குத் தணிக்கை. தணிக்கைக்கு மேளம் வைத்து, மாலை போட்டு, கேசரியும் கொடுத்த அறக்கட்டளை பூலோகத்தில் இது ஒன்றுதான்.

தீபஞான தரும சபைத் தலைவர் ரகுபதி அடிகளுக்கு ஆடிட்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. மனிதன் தப்புப் பண்ணுவான், அக்கினி பண்ணாது. ஆகவே வருஷம் ஒருமுறை, பட்டுத்துணி சுற்றிய கணக்குப் புத்தகத்தைக் கண்ணாடிக் கூண்டு விளக்கின் முன்னால் வைப்பார். ஒரு ரூபாய் பொய் இருந்தாலும் விளக்கு அணைந்துவிடுமாம். மூன்று வருஷமாக அணையவில்லை. எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, காற்றுப் படாமல் மூடி வைத்த விளக்கு எரிகிற அதிசயத்தைப் பார்த்து ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அதில் முதல் கன்னம் துரையுடையது. ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் மெஷின் வாங்கப்போகிறோம் என்று சபை சொன்னதும் இரண்டு வருஷ போனஸைத் தூக்கிக் கொடுத்தவன். அவன் அவசரம் அவனுக்கு. மனைவி சிவந்திக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் பஸ் மாறி மாறி ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தாள். மெஷினோ மூன்று வருஷமாகக் கப்பலில் வந்துகொண்டே இருந்தது. எந்தக் கப்பல் என்று கேட்கத் துரைக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அவனுக்கு வேலை துறைமுகத்தில்தான்.

விளக்கு எரிந்தது. "கணக்கு சுத்தம்" என்றார் அடிகள். கைதட்டல் அடங்கியதும் சிவந்தி எழுந்தாள்.

"சாமி, மெஷினு வாங்குன பில்லு, பாங்க் பாஸ்புக்கு, எதுனா ஒண்ணு காட்டுங்க."

துரை புடவையை இழுத்தான். "கம்முனு குந்துமே. தெய்வ குத்தம் ஆயிடப் போவுது."

"இதுக்கு மேல இன்னாயா ஆவணும்? கிட்னியே பூடுச்சி."

அடிகள் புன்னகைத்தார். "பாஸ்புக்கு மனுஷன் எழுதுறது தாயி. எந்தக் கணக்கா இருந்தாலும் அக்கினிக்குப் பொய் தெரிஞ்சிடும்."

"எந்தக் கணக்கா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும்."

சிவந்தி ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் ஏதோ எழுதினாள். மேடையேறி விளக்கின் முன்னால் வைத்தாள். விளக்கு சாவகாசமாக எரிந்தது.

"சுத்தமா சாமி?"

"பரிசுத்தம்" என்றார் அடிகள், பழக்கதோஷத்தில்.

அவள் மைக்கைப் பிடித்துப் படித்தாள்: "சிவந்தி சபைக்குக் கடனா குடுத்தது ஒரு கோடி ரூபா. இன்னும் திருப்பித் தரல. எப்ப தரீங்கோ?"

"இது பொய்..." என்றார் அடிகள்.

"அப்ப வெளக்கு ஏன் அணையல? நான் பொய்யா, வெளக்கு பொய்யா? ஒண்ண சொல்லு நைனா."

சாமி நைனாவாக இறங்கியது அந்த நொடியில்தான். துரை மேடையேறினான். மூன்று வருஷமாகக் கும்பிட்ட பட்டுத்துணியைப் பிரித்தான். உள்ளே கணக்குப் புத்தகம் இருந்தது. கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் யாரும் கிழிக்கவில்லை.

அடிகள் பின்வாசலைத் தேடினார். கேசரி தின்றவர்கள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போலீசுக்குப் போன் பறந்தது.

"ஏமாந்துட்டேன்மே" என்றான் துரை. சிவந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தானயா குடுத்த? வா, போலீசுல புகார் எழுதிக் குடுக்கலாம்."

கீழே ஒருவர் தலையைச் சொறிந்தார். "அப்ப இனிமே எந்த வெளக்கத்தான் நம்புறது?"

"வெளக்க எதுக்குயா நம்பணும்?" என்றாள் சிவந்தி. "அத்த ஏத்தி வச்சிக்கினு, அந்த வெளிச்சத்துல புக்க பிரிச்சிப் படி."