பஹீம் தெரிவு செய்த பெட்டி

கட்டுகஸ்தோட்டை,
வியாழக்கிழமை.

அன்பு மச்சான் பஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் மனைவி, உங்கள் ராத்தா அனீஸாவின் முழங்காலையும் என் ஸ்டூடியோவையும் தவிர எல்லாம் சுகம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால், சனிக்கிழமை உங்கள் தோஹாவுக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு அரூஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கலியாணப் படங்களையெல்லாம் ஒரே கம்பியூட்டரில் குவிக்காதீங்க, நெட்வேர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்குங்க என்றது நீங்கள்தான். நானும் கண்டியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் நாலு டிஸ்க் பெட்டி. விலையைக் கேட்டதும் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். இரண்டாம் கடையில் ஒற்றை டிஸ்க். அது செத்துப்போனால் எல்லாம் மௌத்து. மூன்றாம் கடையில் நிலூஷா என்ற பிள்ளை, அண்ணனுக்குச் சொல்வதுபோல், "இதுல ரெண்டு டிஸ்க், நானா. ஒண்டுல ஈக்கிறதுதான் மத்ததுலயும் ஈக்கும்" என்றாள். இரண்டை வாங்கி ஒன்றின் இடத்தைப் பாவிப்பதா என்று தயங்கினேன். நீங்கள் போனில் போட்ட சத்தத்தில் வாங்கிவிட்டேன். அவள் வந்து டிஸ்க்குகளைக் கழற்றிப் பூட்டிக் காட்டியபோது அனீஸா, "ரெண்டும் ஒண்டெண்டா ஏன் ஒரே பெட்டீல வெச்சீக்கி?" என்று கேட்டாள். நகையில் பாதியை எப்போதும் வேறிடத்தில் வைக்கும் வம்சமல்லவா உங்களுடையது! நானும் நிலூஷாவும் சிரித்தோம்.

மூன்று மாதம் பெட்டி சமர்த்தாக இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ முடிந்து வந்தால், சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டு கீ கீயென்று கத்துகிறது. புதுச் சாமான், பழகிவிடும் என்று ஒரு துவாயை மடித்துப் போர்த்தினேன். சத்தம் அடங்கியது. போன கிழமை இடி மின்னலோடு கரண்ட் போய் வந்தது, பெட்டி புகைந்தது. நிலூஷாவுக்குப் போன் எடுத்தேன். "டிஸ்க்கும் எரிஞ்சீக்கும் நானா" என்றாள். திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை கலஹாவிலிருந்து டிலானி வந்தாள். பெட்டி வாங்கிய அடுத்த மாதம் அவளுடைய கலியாணத்தை நான்தான் எடுத்தேன். ஆல்பத்துக்குப் படம் தெரிவு செய்யும் முன்பே அவளுடைய அப்பா கறுப்பையா இறந்துபோனார். "நானா, அப்பா சிரிச்ச படம் கலியாணத்துல எடுத்த அது ஒன்னுதாங்க இருக்கு. பெருசா போட்டுத் தாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவருகிறேன் என்று பொய் சொன்னேன். கமெரா கார்டையும் அழித்துவிட்டேன், மச்சான். ஞாயிறு போய் உண்மையைச் சொல்லிவிட்டு ஸ்டூடியோவை மூடப்போகிறேன். பாவம் பாதி எனக்கு, பாதி பெட்டியைத் தெரிவு செய்த உங்களுக்கு.

பிள்ளைகளுக்கு என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

உங்கள் மச்சான்,
மஹ்மூத்

பி.கு.: உறையை ஒட்டக் கொடுத்தால் உங்கள் ராத்தா கடிதத்தை வாசித்துவிட்டாள். அலுமாரியைத் திறந்து, நிகாஹ் சாரிக்குள்ளிருந்து லேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு டிஸ்க்கை எடுத்துத் தந்தாள். "அண்டைக்கி நீங்க ஜும்ஆவுக்குப் போனப்பொ உருவி எடுத்தன். சொன்னா சிரிப்பீங்களே!" என்றாள். பெட்டி கத்தியது அதற்குத்தானாம். கண்டிக்குக் கொண்டு ஓடினேன், நிலூஷா அதை வேறு பெட்டியில் போட்டுக் காட்டினாள். முன்பல் இரண்டும் இல்லாமல் கறுப்பையா சிரிக்கிறார். கடையிலேயே அழுதுவிட்டேன். மேலே உள்ளதையெல்லாம் கிழித்துவிடுங்கள். அடுத்த பெட்டியை அனீஸாவே தெரிவு செய்வாள். துவாய் விஷயத்தை மட்டும் நிலூஷாவிடம் சொல்லிவிடாதீர்கள்.