காரை அரூருக்கே இழுத்துப் போகவும்

மாரண்டஹள்ளி,
ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 1971.

மரியாதைக்குரிய அரூர் அத்தை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் மாதம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, கன்று ஈன்ற எருமை உட்பட யாவரும் நலம். ஓசூரில் வாங்கி அரூருக்கு ஓட்டிவரும் வழியில் உங்கள் மகன் மாயவன் எங்கள் வாசலில் நிறுத்தியிருக்கும் பழைய சீமைக் காருக்குத்தான் நலமில்லை.

கிளச்சை மிதித்தால் மிதி தரையைத் தொடுகிறது, கிளச்சு விடுபடுவதில்லை. கியர் போட்டால் கரும்பு ஆலை போல அரைபடுகிறது. அவர் கல் வைத்துக் காரைத் தூக்கியபோது, மிதியிலிருந்து போகும் கம்பியை நெம்புகோலோடு இணைக்கும் ஆணி கழன்று கம்பி தொங்குவது எங்கள் சமையலறை ஜன்னலுக்கே தெரிந்தது. நான் பி.எஸ்ஸி.யில் நெம்புகோலைப் பக்கம் பக்கமாகப் படித்தவள். ஆனால் நிச்சயம் ஆகும்வரை முறை மாப்பிள்ளை எதிரில் நிற்கக் கூடாதென்று அம்மா கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள். ஜன்னல் வழியே பௌதிகம் கத்தவா முடியும்?

நேற்றுச் சாயங்காலம் அவரே கண்டுபிடித்து ஆணியை மாட்டினார். அடியில் படுத்துப் பார்க்கும்போது மேலே ஒருவர் மிதித்து மிதித்து விட வேண்டுமாம். அப்பா ஏறி, ஏர் ஓட்டுகிற காலால் ஓங்கி மிதித்தார். "மாமா, என்னைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று விரலை உதறிக்கொண்டு வெளியே வந்தார் உங்கள் மகன். மோர் வாங்க வந்த எதிர்வூட்டுக் கன்னடக்காரர் மகள் நாகரத்னா, சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஒத்து" என்கிறார், மிதிக்கிறாள். "பிடு" என்கிறார், விடுகிறாள். அத்தை, உங்க மகனுக்குக் கன்னடம் எப்பத்திலிருந்துங்க தெரியும்? எங்க வூட்டுல வந்து இறங்கினதிலிருந்து, அப்பாவை அதட்டினதைத் தவிர, 'தண்ணி'ங்கறதுக்கு மேல தமிழே பேசலையே! அதோட போச்சா? ஆணி மறுபடி நழுவாம இருக்க ஸ்பிலிட் பின்னு ஒண்ணு வேணும்னாரு. அவ தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி நீட்டிட்டா. "ஒடஞ்சா இன்னொண்ணு தர்றேங்க"ன்னு சிரிப்பு வேற. "நல்ல மூளை உனக்கு"ன்னாரு. என் தலையிலயும்தான் நாலு ஊசி இருந்திச்சு! வண்டி கிளம்பி பாலக்கோடு ரோடு வரைக்கும் போய்த் திரும்பிச்சு. முன் சீட்டுல யாருன்னு நான் வேற எழுதணுமாங்க?

ஆகையால் அத்தை, கயிறும் இரண்டு ஆளும் அனுப்பி, காரை அரூருக்கே இழுத்துப் போகவும். அடுத்தவள் கொண்டை ஊசியில் ஓடும் காரில் நான் மணப்பெண்ணாக ஏறமாட்டேன். இந்தக் கார்தான் வேண்டும் என்று உங்கள் மகன் சொன்னால், புதன்கிழமை தட்டு மாற்ற நீங்கள் வரவே வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். அவர் மூட்டுவலி சீக்கிரம் விடைபெறட்டும்.

இப்படிக்கு,
முறைக்கு மட்டும் மருமகள்,
மாதம்மாள்.

பி.கு.: இதைத் தபாலில் போட வெளியே வந்தால், கொண்டை ஊசி முறிந்து கார் மறுபடி வாசலில் நிற்கிறது. நாகரத்னா ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். அம்மா சந்தைக்கு, அப்பா காட்டுக்கு. "யாராச்சும் ஏறிக் கிளச்ச மிதிங்களேன்" என்று காருக்கு அடியிலிருந்து குரல். ஏறி மிதித்தேன்.

"யாரு அது? இவ்வளவு பதமா மிதிக்கறது?"

"நாந்தான்."

அடியில் ஸ்பேனர் கீழே விழும் சத்தம். பிறகு, "அப்படியே புடிச்சிரு மாதம்மா. நான் சொல்றப்ப உடு."

ஆளும் வேண்டாம், கயிறும் வேண்டாம். புதன்கிழமை தட்டோடு தவறாமல் வரவும். முழங்கால்மேல் வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும். கால் இன்னும் மிதியில்தான் இருக்கிறது. அவர் விடச் சொல்லவில்லை. அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றும் ரொம்ப நேரம் ஆகிறது.